உடையவரின் உடையவர்

காலை ஏழே முக்கால் மணிக்கு, இஸ்மிர் நகரத்து ட்ராம் நிலையத்தில், மொகுதூம் லெப்பையின் குடை தான் அவருடையது அல்ல என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி அறிவித்தது.

குடை வாய் திறந்து பேசவில்லை. அதற்குப் பதிலாக, பொருளின் உடையவரைப் பார்த்தே ஆளை உள்ளே விடும் நிலையத்துக் கேள்வாசல் பேசியது. "இந்தக் குடை பிலோமினாவுடையது. அவரிடம் சேர்த்துவிடுகிறீர்களா, இங்கேயே வைத்துவிட்டுப் போகிறீர்களா?" என்று மிகவும் மரியாதையான துருக்கியில் கேட்டது.

"ஷெம்சியெம்," என்றார் மொகுதூம். என் குடை என்று பொருள். பன்னிரண்டு வருடங்களாகத் துருக்கி மொழி கற்பிப்பவர் ஆதலால், குடை என்ற சொல்லின் வாலில் 'என்னுடைய' என்பதற்கான ஒட்டைச் சுத்தமாக ஒட்டிச் சொன்னார். கேள்வாசல் அவருடைய உச்சரிப்பைப் பொருட்படுத்தவில்லை. அதே கேள்வியை இன்னொரு முறை கேட்டது.

பின்னால் நின்ற பூக்காரப் பெண்மணி பொறுமை இழந்தாள். "சேர்த்துடுறேன்னு சொல்லிட்டு நகருங்க ஐயா. வெளியே மழை கொட்டுது. குடைக்குச் சொந்தக்கார அம்மா எங்கேயோ நனைஞ்சுக்கிட்டு நிப்பாங்க."

மொகுதூம் பல்லைக் கடித்துக்கொண்டு, "சேர்த்துவிடுகிறேன்," என்றார். வாசல் திறந்தது.

ட்ராமில் உட்கார்ந்த பிறகும் அவருடைய காது மடல் சுட்டது. அந்தக் குடையை நான்கு வருடங்களுக்கு முன்பு அவர்தான் வாங்கினார். போன மாதம் அதன் கம்பி ஒன்று பிய்த்துக்கொண்டது. மொழிக்கூடத்தின் இன்னொரு ஆசிரியை பிலோமினா அதைப் பார்த்துவிட்டு, "குடுங்க சார்," என்று வாங்கி, தன் கைப்பையிலிருந்து வலை பின்னும் நைலான் நூலை எடுத்து ஐந்து நிமிடத்தில் கட்டிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு இன்றுதான் மழை, இன்றுதான் அவர் குடையை வெளியே எடுத்தார். அந்த ஐந்து நிமிட நூல் நான்கு வருடத்துக் குடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

எல்லாம் ஒட்டுத்தூள் செய்யும் வேலை.

ஆறு வருடங்களுக்கு முன்பு வந்த பெரிய நிலநடுக்கத்தில் நகரத்தின் பாதி வீடுகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சரிந்தன. இடிபாட்டிலிருந்து எடுத்த பொருள்கள் மைதானங்களில் மலையாகக் குவிந்தன. எது யாருடையது என்ற சண்டை தீரவேயில்லை. உரக்கக் கத்தியவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். அழத் தெரியாதவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அந்த மைதானத்தில் வெறுங்கையோடு திரும்பிய பெண் பொறியாளர் ஒருவர்தான் ஒட்டுத்தூளைக் கண்டுபிடித்தார். துருக்கி மொழியில் உரிமை பொருளின் மேலேயே ஒட்டிக்கொள்கிறது. அப்படியானால் பொருளே தன் உடையவரைச் சொல்லட்டும் என்பது அவருடைய எண்ணம். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூளை நகரம் முழுக்கத் தெளித்தார்கள். கைச்சூட்டையும் வியர்வையின் உப்பையும் கொண்டு அது ஆளை அடையாளம் காணும். ஆனால் வெறுமனே பயன்படுத்தும் கையை அது பொருட்படுத்தாது. துடைத்த கை, தைத்த கை, தண்ணீர் ஊற்றிய கை, பழுது பார்த்த கை, இவற்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். 'என்னுடையது' என்று ஆயிரம் முறை வாயால் சொன்னாலும் தூளுக்குக் கேட்காது.

அதன் பிறகு இஸ்மிரில் யாரும் சைக்கிளைப் பூட்டுவதில்லை. அண்ணன் தம்பி வழக்குகள் அரைமணி நேரத்தில் முடிந்தன. பலர் அதிர்ந்தும் போனார்கள். பெரிய வணிகர் ஒருவருடைய கப்பல் மாதிரியான கார், அதைத் தினமும் துடைத்த ஓட்டுநரின் பெயரைச் சொன்னது. மொகுதூம் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்திருந்தார்.

*

கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்ய வந்தவர்கள், மருத்துவமனைகளில் செவிலியர்களாக வந்தவர்கள் என்று துறைமுகத்தைச் சுற்றித் தமிழர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கான மொழிக்கூடம் ஒரு பழைய சுங்கக் கட்டடத்தின் முதல் மாடி. ஒரே ஒரு அறை. காலை வகுப்பு மொகுதூமுக்கு, மாலை வகுப்பு பிலோமினாவுக்கு.

அன்று மொகுதூம் புகழ்பெற்ற தன் உடைமைப் பாடத்தை எடுத்தார். அதைக் கேட்கப் பழைய மாணவர்கள்கூட வருவதுண்டு.

"தமிழில் 'என் வீடு' என்கிறோம். வீடு மாறவில்லை. 'நான்'தான் 'என்' என்று மாறி அதன் வாசலில் போய் நிற்கிறேன். துருக்கியில் வீடு 'எவ்'. என் வீடு 'எவிம்'. உன் வீடு 'எவின்'. அவன் வீடு 'எவி'. வீட்டின் மேலேயே ஒட்டு விழுகிறது. 'பெனிம்', அதாவது 'என்னுடைய' என்று தனியாகச் சொல்லாமலே விட்டுவிடலாம். சொன்னால் இரண்டு ஒட்டு. உடையவருக்கு ஒன்று, உடைமைக்கு ஒன்று. ஒன்றை நம்முடையதாக்கினால் நாமும் மாறாமல் தப்ப முடியாது, பார்த்துக்கொள்ளுங்கள்."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் ஒவ்வொரு வருடமும் சொல்வார். மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் எழுதிக்கொள்வார்கள்.

"சார்," என்று பின்வரிசையிலிருந்து வெல்டர் அருளப்பன் கையைத் தூக்கினான். "நாங்க எட்டுப் பேரு ஒரே ரூம்ல கெடக்கோம். எவிம்னு எப்பிடி வாய் கூசாமச் சொல்ல?"

"எவிமிஸ் என்று சொல். எங்கள் வீடு."

"குளிக்கிற வரிசையில நின்னு பாருங்க சார், எங்கள்னு சொல்லவே தோணாது."

வகுப்பு சிரித்தது. மொகுதூம் அடுத்த பாடத்துக்குப் போனார். "இனி சங்கிலி ஒட்டு. 'அர்க்கதாஷிமின் எவினின் கப்பிசி.' என் நண்பனின் வீட்டின் கதவு. கதவு வீட்டினுடையது, வீடு நண்பனுடையது, நண்பன் என்னுடையவன். ஒன்றைப் பிடித்து இழுத்தால் எல்லாம் கூடவே வரும்."

அப்போது நகராட்சி ஆய்வாளர் நெவின் ஹனிம் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தாள். சங்கடமான புன்னகை.

செய்தி சுருக்கமானது. இரண்டு வகுப்புகளையும் ஒன்றாக்கப் போகிறார்கள். ஒரு ஆசிரியர் போதும். யார் என்பதைச் சட்டப்படி தூள் தீர்மானிக்கும். அன்றிலிருந்து நாற்பதாம் நாள் ஆய்வாளர் மறுபடி வந்து அறையைப் படிப்பார். அறை யாருடையதோ வேலை அவருடையது. மற்றவர் அந்த மாத இறுதியில் நாடு திரும்ப வேண்டும்.

மொகுதூமுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. தன் பன்னிரண்டு வருடம் எங்கே, பிலோமினாவின் இரண்டு வருடம் எங்கே? பிறகு காலையில் நடந்த குடை விவகாரம் நினைவுக்கு வந்தது.

மாலையில் கண்ணாடிக் கடையில் ஓர் உரிமைக்கண்ணாடியை வாடகைக்கு எடுத்து வந்து, பிலோமினாவின் வகுப்பு முடிந்து ஆளில்லாமல் கிடந்த அறையில் மாட்டிக்கொண்டு பார்த்தார். அந்தக் கண்ணாடி, அணிந்திருப்பவரின் உடம்போடு ஒட்டியவற்றை விட்டுவிட்டு மற்ற பொருள்களின் மேல் உடையவர் பெயரைக் காட்டும்.

பதினெட்டு நாற்காலிகள். பிலோமினா. பலகை. பிலோமினா. தேநீர்ப் பானை, ஜன்னலோரத்து எலுமிச்சைச் செடி, சுவர்ப்படம், பிலோமினா, பிலோமினா, பிலோமினா. அவர் தன் கையாலேயே அறுத்து, துருக்கி ஒட்டுகளை எழுதிய பலகைத் துண்டுகள்கூட அவளுடையவை. எழுத்து மங்கிய துண்டுகளுக்கு அவள் எப்போதோ மை பூசியிருக்கிறாள். கடைசியாகத் தன் நாற்காலியைப் பார்த்தார். அவருக்கு முதுகு வலி என்று அவள் ஒரு திண்டு தைத்துப் போட்டிருந்தாள். அதுவும் போய்விட்டது.

அவருக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. துணைக்கேள்வி கேட்டால் தடுமாறுகிறவள். பேச்சில் எந்நேரமும் என்னுடைய, உன்னுடைய என்பதற்கு 'எனக்க', 'உனக்க' என்று குமரிக் கடற்கரையை விட்டு வெளியே வராதவள். ஆனால் மாணவர்கள் அவளைத்தான் 'ஹோஜம்' என்று கூப்பிடுகிறார்கள். என் ஆசிரியர் என்று பொருள். அவரைக் கூப்பிடுவது வெறும் 'சார்'. இத்தனை நாளும் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

*

அவருக்கு அந்த அறை ஏன் உயிர் என்பதைச் சொல்ல வேண்டும். மொகுதூம் காயல்பட்டினத்துக்காரர். அங்கே வீடு பெண்களுக்கு. பிறந்த வீடு அவருடைய தங்கைகளுக்குப் போனது. மணமானதும் அவர் மனைவி பல்கீஸின் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனார். அந்த வீடு நாளை மகளுக்குப் போகும். எங்கும் அவரை நடுக்கூடத்தில் உட்காரவைத்து, நல்ல தட்டில் சோறு போட்டு, கைகழுவத் தண்ணீர் கொண்டுவந்து மரியாதை செய்தார்கள். ஆனால் ஐம்பத்துநான்கு வயதில் அவர் 'என்னுடையது' என்று நினைத்த ஒரே இடம் இந்த வகுப்பறை.

பேசுதிரையில் பல்கீஸிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"சிரிக்கிறதுக்கா சொன்னேன்?"

"கோவப்படாதிய. நம்ம வீட்டுல அந்தத் தூளத் தூவுனா ஒங்க பேருல என்ன இருக்கும்னு நெனைக்கிய?"

"ஏன், என் சாய்வு நாற்காலி இல்லையா?"

"அத நாந்தான் தொடைக்கிறது. ஒங்க செருப்பு எங்க தம்பி பேருல வரும், அவந்தானே வாரு அறும்போதெல்லாம் மாத்துறான். மூக்குக்கண்ணாடி மவ பேருல." அவள் குரல் தணிந்தது. "நீங்க நல்ல மனுசர். இருவத்தேழு வருசத்துல ஒரு சுடுசொல்லு சொன்னதில்ல. ஆனா ஒரு தம்ளரக் கழுவி வச்சதும் இல்ல. விருந்தாளியாவே இருந்துட்டிய. அது ஒங்க தப்பு மட்டும் இல்ல. நம்ம ஊரு மாப்பிள்ளைய ஒக்கார வச்சே பழக்கிப்புட்டுது. அங்கயும் போயி அப்பிடியே ஒக்காந்திருப்பிய."

உண்மைதான். வகுப்பறையிலும் மாணவர்கள் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். பலகையைத் துடைத்தார்கள். அவர் உட்கார்ந்து பாடம் சொன்னார். மரியாதை கிடைத்த இடமெல்லாம் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் அந்த உண்மை அவரைத் திருத்தவில்லை. எதிராளியின் தந்திரம் புரிந்துவிட்டது என்று மட்டும் அவருக்குப் பட்டது.

மறுநாளிலிருந்து அதிகாலைத் தொழுகை முடிந்ததும் நேராக மொழிக்கூடத்துக்கு வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாகத் துணியைப் பிழிந்தார். பதினெட்டு நாற்காலிகளையும் துடைத்தார். தேநீர்ப் பானையின் அடிக்கரியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். எலுமிச்சைக்குத் தண்ணீர் ஊற்றினார். அதிகமாக ஊற்றி இலை மஞ்சளானதும் அளவு தெரிந்துகொண்டார். அருளப்பனின் நாற்காலி ஆடுகிறது என்று கண்டு காலுக்கு ஆப்பு வைத்தார். இரண்டு வாரத்தில் பலகை அவர் பெயரைச் சொன்னது. அந்தச் சந்தோஷத்தில் அவர் மதியச் சாப்பாட்டையே மறந்தார்.

மாலையில் பிலோமினா வந்து அதே நாற்காலிகளைத் துடைப்பாள். மறுநாள் காலை இரண்டு நாற்காலிகள் மீண்டும் அவள் பக்கம் சாய்ந்திருக்கும். அவற்றை அவர் இன்னும் அழுத்தித் துடைப்பார். எல்லாம் இறைவனுக்கே உரியது என்று நாளில் ஐந்து வேளையும் ஒப்புக்கொள்ளும் மனிதர், பதினெட்டு மர நாற்காலிகளுக்காகத் தூக்கம் கெட்டார்.

இருபத்திரண்டாம் நாள் அவர் ஒரு காரியம் செய்தார். கட்டடக் காவலாளியிடம் போய், மூத்த ஆசிரியர் என்ற முறையில் அறைச் சாவியைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கினார். காலை வகுப்பு முடிந்ததும் பூட்டிவிட்டு, மாடியின் கோடியில் உள்ள சின்ன நூலக அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மாலையில் பிலோமினா அங்கே தேடிக்கொண்டு வந்தாள். தலைமுடியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. தோளில் தொங்கிய துணிப்பையின் வார் பிய்ந்து முடிச்சுப் போட்டிருந்தது.

"சார், ரூம் பூட்டிக் கெடக்கு. சாவி உங்ககிட்டயா இருக்கு?"

"அறைக்கு வெள்ளை அடிக்கப் போகிறார்கள். சாமானெல்லாம் அங்கங்கே கிடக்கிறது. கொஞ்ச நாள் வராந்தாவில் எடுத்துக்கொள்," என்றார் மொகுதூம். அது பொய். சொல்லும்போது அவர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"செரி சார். வராந்தாவுல காத்தும் கொள்ளாம், நல்லாருக்கும்," என்றாள். போகிறவள் திரும்பி, "சாயா குடிச்சியளா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்."

பதினெட்டு நாள்கள் அவள் வராந்தாவில் நின்றபடி பாடம் எடுத்தாள். செவிலியப் பெண்கள் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டார்கள். ஒருவரும் புகார் சொல்லவில்லை. அது அவருடைய எரிச்சலை இன்னும் கூட்டியது.

*

நாற்பதாம் நாள் காலை நெவின் ஹனிம் தன் ஆய்வுக்கண்ணாடியோடு வந்தார். மாணவர்கள் சுவரோரம் நின்றார்கள். பிலோமினா வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். பூட்டிய பிறகு அன்றுதான் அறையின் உள்ளே மறுபடி பார்க்கிறாள். எலுமிச்சையைப் பார்த்து, "துளிரு விட்டிருக்கே!" என்று அருளப்பனிடம் மெதுவாகச் சொன்னாள். அவள் முகத்தில் வேறு எதுவும் இல்லை.

ஆய்வாளர் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்தார். நாற்காலிகள் மொகுதூமுடையவை. பலகை மொகுதூமுடையது. பானை, செடி, சுவர்ப்படம், ஒட்டுப் பலகைத் துண்டுகள், எல்லாம் மொகுதூமுடையவை. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"வாழ்த்துகள், ஹோஜம்," என்றார் நெவின் ஹனிம். நாற்பது நாளாக அவர் காத்திருந்த கணம் அது. "கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அறைச் சாவியைக் காட்டுங்கள்."

மொகுதூம் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். ஆய்வாளர் அதைக் கண்ணாடி வழியே பார்த்தார். பிறகு மொகுதூமைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அவருடைய புருவம் உயர்ந்தது.

"கொஞ்சம் இப்படி வருகிறீர்களா?" என்று ஜன்னலோரம் அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். "இது தேர்வை மாற்றாது. ஆனால் நீங்களே பார்ப்பது நல்லது." தன் கண்ணாடியைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, அவருடைய கோட்டையும் மூக்குக்கண்ணாடியையும் மருந்துப் பெட்டியையும் சாவியையும் வாங்கி ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்தார்.

ஆய்வுக்கண்ணாடி பெயரோடு, கை பட்டது நாற்பதில் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டும்.

கோட்டின் இரண்டாவது பொத்தான்: பிலோமினா, இருபத்தாறாம் நாள். அறுந்து தொங்கிய பொத்தான் எப்படி நேரானது என்று அவர் யோசித்ததேயில்லை. வராந்தா ஆணியில்தான் கோட்டை மாட்டுவார், மருந்துப் பெட்டியும் அதன் பையில்தான் இருக்கும். மூக்குக்கண்ணாடியின் கயிறு: பிலோமினா, பதினொன்றாம் நாள். மருந்துப் பெட்டியின் ஏழு குழிகளிலும் கிழமைகளை எழுதி ஒட்டிய சின்னத் தாள்கள்: பிலோமினா, முப்பதாம் நாள்.

சாவி: பிலோமினா, இருபத்துமூன்றாம் நாள்.

சாவியில் ஒரு சிவப்பு நைலான் கயிறு பின்னிக் கட்டியிருந்தது. வாங்கிய இரண்டு நாளுக்குள் இரண்டு முறை அவர் சாவியை வராந்தாவில் தவறவிட்டார். இரண்டாம் முறை காவலாளி கொண்டுவந்து கொடுத்தபோது கயிறு இருந்தது. காவலாளிதான் கட்டினான் என்று நினைத்து அவனுக்கு நன்றிகூடச் சொன்னார். எந்தச் சாவியைக் கொண்டு அவளை வெளியே நிறுத்தினாரோ, அது இனித் தொலையாமல் இருக்கட்டும் என்று அவளே கயிறு பின்னியிருக்கிறாள். பூட்டிய மறுநாளே.

மொகுதூம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

கண்ணாடி அவர் கண்ணிலேயே இருந்தது. திரும்பிப் பிலோமினாவைப் பார்த்தார். அவளுடைய முடிச்சுப் போட்ட பை, தேய்ந்த செருப்பு, கழுத்தில் இருந்த செபமாலை, ஈரம் காயாத சால்வை. எதன் மேலும் ஒரு பெயரும் இல்லை. அவள் பெயர்கூட இல்லை, அவசரத்தில் போட்ட முடிச்சைத் தூள் பழுது பார்த்ததாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் பொருளைக் கவனிக்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை. அவளுடைய ஒரு பொருளையாவது வேறு யாரும் தொட்டுச் சரிசெய்ததும் இல்லை. ஊரில் உள்ளவர்களின் பொருளில் எல்லாம் பெயர் உள்ளவள், ஒட்டு விழாத வெறும் சொல்லைப் போல வாசலில் நின்றாள்.

"இந்த அறையை அவளுக்கே கொடுத்துவிடுகிறேன்," என்றார் மொகுதூம்.

நெவின் ஹனிம் வருத்தத்தோடு தலையாட்டினார். "வாயால் கேட்பதைத் தூள் ஏற்காது. வாயால் கொடுப்பதையும் ஏற்காது. அதுதானே சட்டம்? நீங்கள் விலகினால் இடம் காலியாகும். வேறு ஊரிலிருந்து யாரையாவது போடுவார்கள்."

மொகுதூம் யோசித்தார். "என் உடம்பில் இருப்பதெல்லாம் அவள் பெயரில் இருக்கிறதே, அதற்கு ஏதாவது விதி உண்டா?"

ஆய்வாளர் தயங்கினார். "உண்டு. ஒருவர் மேல் உள்ள பொருள்களில் பெரும்பாலானவை வேறொருவர் பெயரில் இருந்தால், அவர் அந்த வேறொருவரின் பொறுப்பில் இருப்பவர். அவருடைய உடைமைகளும் அங்கேயே போகும். ஆனால் ஹோஜம், அது கைக்குழந்தைகளுக்காகவும் படுத்த படுக்கையாய் இருக்கும் நோயாளிகளுக்காகவும் எழுதிய விதி. நடமாடும் மனிதரை அப்படிப் படிக்கக் கூடாது. அவரே கேட்டுக்கொண்டால் ஒழிய."

சுவரோரம் நின்ற மாணவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஐம்பத்துநான்கு வயது. பன்னிரண்டு வருடத்து மரியாதை.

"என்னைப் படியுங்கள்," என்றார் மொகுதூம்.

ஆய்வாளர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, எழுதிக்கொண்டே படித்தார். அறை மொகுதூமுடையது. மொகுதூம் பிலோமினாவுடையவர். ஆகவே அறை பிலோமினாவுடையது.

"சார், சங்கிலி ஒட்டு!" என்று அருளப்பன் தன்னை மறந்து கத்தினான். "என் நண்பனின் வீட்டின் கதவு!"

"ஒனக்கு இப்பமாவது வெளங்குச்சே," என்றார் மொகுதூம். வகுப்பறையில் அவர் ஊர்ப்பேச்சுப் பேசி மாணவர்கள் கேட்டது அதுதான் முதல்முறை. யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

பிலோமினாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் பதறினாள். "மாதாவே! இது என்ன சார் கூத்து? எனக்கு வேண்டாம். நீங்க எங்க போவிய?"

"வீட்டுக்கு. போய் முதல்ல ஒரு தம்ளரக் கழுவணும்."

"வெளையாடாதிய சார்."

"வெள்ளை அடிக்கிறதா சொன்னேன்லா, அது பொய்யி. ஒன்ன வெளிய நிறுத்தத்தான் பூட்டுனேன்."

"தெரியும் சார்," என்றாள் அவள். "வெள்ள அடிச்சா வாசம் வரும்லா?"

அவள் சங்கடத்தோடு தன் பையைத் தோளில் மாட்ட எடுத்தாள். முடிச்சு அவிழ்ந்து வார் அறுந்தது. புத்தகங்கள் தரையில் சிதறின. மொகுதூம் குனிந்து பொறுக்கி மேசையில் அடுக்கிவிட்டு, காலிப் பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இது எங்கிட்ட இருக்கட்டும் பிள்ள. தாரேன்," என்றார்.

*

ட்ராம் நிலையத்தின் கேள்வாசல் அவரைத் தடுத்தது. பிலோமினா மொழிக்கூடத்துக்கு நடந்தே வருபவள், அவளுடைய பை இந்த வாசலைக் கண்டதேயில்லை.

"இந்தப் பைக்கு உடையவர் பெயர் இல்லை. உடையவர் தெரியாத பொருள் இங்கேயே தங்க வேண்டும்."

"பிலோமினாவுடையது," என்றார் மொகுதூம்.

வாசலுக்கு அது கேட்கவில்லை. அதே வாக்கியத்தைத் திரும்பச் சொன்னது.

மொகுதூம் வாதாடவில்லை. வெளியே வந்து, எதிர்க்கடையில் ஊசியும் நைலான் நூலும் வாங்கிக்கொண்டு நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஊசிக் காது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரப் பெண்மணி இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் குடைக்காக அவரை விரட்டியவள்தான்.

"நூல் நுனியை நாக்குல தொட்டு ஈரம் பண்ணுங்க ஐயா. ஆ, அப்படித்தான். விரல், விரல், பாத்து!"

அவர் கட்டை விரலில் இரண்டு முறை குத்திக்கொண்டார். தையல் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் போனது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. இழுத்துப் பார்த்தார். தாங்கியது. எழுந்து மீண்டும் வாசலில் போய் நின்றார்.

யார் பெயரும் இல்லாத பொருளுக்கு முதல் கையே போதும். கேள்வாசல் தன் இனிய குரலில் சொன்னது: "இந்தப் பை மொகுதூம் லெப்பையுடையது. நீங்கள் போகலாம்."

கதவு திறந்தது. இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தான் அவர் நாற்பது நாள் உழைத்தார். இப்போது அது காதில் விழுந்தபோது, அடுத்தவர் வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவரைப் போல அவருக்கு உடம்பு கூசியது. ஒரு நன்மையைச் செய்து முடிப்பதற்குள் அந்தப் பொருள் செய்தவருடையதாகிவிடுகிறது. தடுக்க வழியில்லை. அதற்கு மேல் உரிமை கோராமல் திரும்பக் கொடுப்பதுதான் மனிதர் கையில் இருக்கிறது. பிலோமினா இரண்டு வருடமாக ஒரு அறையளவு பொருள்களை அப்படித்தான் திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவை தன்னுடையவை என்று தெரிந்துகொள்ள ஒரு கண்ணாடியைக்கூட அவள் வாடகைக்கு எடுத்ததில்லை.

அவர் வாசலுக்குள் போகவில்லை. திரும்பி மொழிக்கூடத்தை நோக்கி வேகமாக நடந்தார்.

பிலோமினா அறையில் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது.

"எனக்க பையா இது? யாரு சார் தச்சது?"

"ஏன், நல்லா இல்லையா?"

அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிப் பார்த்தாள். ஒரு வார் நீளமாகவும் ஒரு வார் குட்டையாகவும் பை சாய்ந்து தொங்கியது. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கொள்ளாம் சார். கடல்ல படகு சரிஞ்ச மாதிரி இருக்கு." பிறகு சிரிப்பு நின்றது. தையல் மேல் விரலை ஓட்டினாள். நூலில் ஓரிடத்தில் சின்னதாக ரத்தம் உறைந்திருந்தது. "நெசமாவே எனக்க பைதானா சார்?"

"ஆமா பிள்ள," என்றார் மொகுதூம். "உனக்க பைதான்."

கேள்வாசல் வேறு மாதிரி சொல்லியிருந்தது. அதை அவர் அவளிடம் சொல்லவில்லை.